குணமாகாமைச் சான்று

என் இடது முட்டியைப் பார்க்க வேண்டுமானால் அப்போதெல்லாம் ஒரு வாரம் முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும். என்னைப் பார்க்க அந்தச் சிரமம் கிடையாது. முட்டி மாட்டியிருந்த சுவருக்கு எதிரே இரும்பு நாற்காலியில் காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

நான் டைல்ஸ் பதிக்கிறவன். பத்தொன்பது வருடமாக அடுத்தவர் வீட்டுத் தரையில் முட்டி போட்டு என் வீட்டு அடுப்பை எரிய வைத்தவன். ஒருநாள் ஒரு குளியலறையின் கடைசி வரிசையை முடித்துவிட்டு எழுந்தபோது இடது முட்டிக்குள் ‘களுக்’ என்று ஏதோ நகர்ந்தது. அவ்வளவுதான். கால் மடங்கவும் இல்லை, நீளவும் இல்லை. பாதி மடங்கிய நிலையில் பூட்டுப் போட்டாற்போல் நின்றுவிட்டது. உயிர் போகிற வலி. சுவரைப் பிடித்துக்கொண்டு காலை உதறினேன். இன்னொரு ‘களுக்’. பூட்டுத் திறந்துகொண்டது, வலியும் போன இடம் தெரியவில்லை. அன்றிலிருந்து நாளுக்கு ஒரு தடவை, சில நாள் மூன்று தடவை, இதே கூத்து.

“ஜவ்வுதான்யா, வேற என்ன?” என்றார் எங்கள் மேஸ்திரி. “சாதா இடத்துக்குப் போய்த் தொலையாத. நிலையத்துக்குப் போ. முட்டிக்குன்னே கட்டின இடம். ஏழு மாடி!”

நிலையத்தின் முழுப்பெயர், முழங்கால் மூட்டுக் குருத்தெலும்பு உயர்சிறப்பு ஆய்வு, ஆவண மற்றும் சிகிச்சை நிலையம். பெயரில் சிகிச்சை எத்தனையாவதாக வருகிறது என்று நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. வலியில் இருப்பவன் பெயர்ப்பலகையையா படித்துக்கொண்டிருப்பான்?

பதிவு செய்யும் இடம் முதல் மாடியில் இருந்தது. லிஃப்ட் கதவில் ‘பதிவு செய்த நோயாளிகள் மட்டும்’ என்று ஒட்டியிருந்தார்கள். எனவே படியில் ஏறினேன். முப்பத்திரண்டு படி. மேலே ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கணினியில் தட்டினாள். ‘படியேறி வந்தார். நடமாட்டம் நன்று.’

“வலி ஒன்னுலருந்து பத்துக்குள்ள எவ்வளவுங்க?”

“பூட்டிக்கிறப்ப உயிர் போகுதும்மா. மத்த நேரம் ஒண்ணுமே இல்ல.”

“உயிர் போகுதுன்னு கட்டம் இல்லைங்க. பத்துன்னு போட்டுக்கட்டுமா?”

“போட்டுக்கங்க.”

“ஒண்ணுமே இல்லைங்கறது பூஜ்யம். பத்தையும் பூஜ்யத்தையும் கூட்டி ரெண்டால வகுத்தா அஞ்சு.” தட்டினாள். “உங்களுக்கு நாள் பூரா அஞ்சு வலி.”

அதுவரை எனக்கு ஒரு நொடிகூட இருந்திராத ஒரு வலியை வாங்கிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன்.

டாக்டர் இளைஞர், நல்ல மாதிரியாகப் பேசினார். நான் கால்சட்டையைச் சுருட்ட ஆரம்பித்ததும் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டார்.

“வேணாம், வேணாம். மூடுங்க.”

“முட்டியைப் பாக்க வேணாமா சார்?”

“பாத்தா ஒரு அபிப்பிராயம் வந்துடும்ங்க. முதல்ல ஸ்கேன் வரட்டும். இங்க எல்லாமே படத்தை வச்சுத்தான். நான் வேலைக்குச் சேந்து ஆறு வருஷமாச்சு, இன்னும் ஒரு முட்டியைக்கூட நேர்ல பாத்ததில்ல.”

அதை அவர் பெருமையாகத்தான் சொன்னார்.

என் தொழிலில் ஒரு தரை கெட்டிருக்கிறதா என்று பார்க்க முதலில் குனிந்து விரல் கணுவால் தட்டுவோம். டைல்ஸுக்கு அடியில் காலியாக இருந்தால் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். தட்டிப் பார்க்காமல் தரையைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறவனை எங்கள் மேஸ்திரி வேலைக்கு வைக்க மாட்டார். ஆனால் இது ஏழு மாடி. நான் கால்சட்டையை இறக்கி விட்டுக்கொண்டேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு கேட்க அடுத்த வாரம் போனபோது டாக்டர் அறைக்குள் ஏழு பேர் ஒருவர் தோளில் ஒருவர் ஏறாத குறையாக நின்றுகொண்டிருந்தார்கள். விளக்குப் போட்ட கண்ணாடிப் பலகையில் என் படத்தாள்கள் நான்கு தொங்கின. நடுவில் நின்றவர் நிலையத்தின் இயக்குநர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார்.

“என்ன ஓரம்யா இது! கத்தியால வெட்டின மாதிரி! குருத்தெலும்பு பிஞ்ச பள்ளமும் தெரியுது, பிஞ்ச துண்டு தனியா மிதக்கறதும் தெரியுது. ரெண்டும் ஒரே தாள்ல! முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒண்ணை நான் பாத்ததில்ல.”

“ஐயா, அது என்னோடதுங்க” என்றேன் வாசலில் நின்று.

“யாரது?” என்றார் இயக்குநர், திரும்பாமலே.

“நோயாளி சார்” என்றார் இளம் டாக்டர்.

“வெளிய உட்காரச் சொல்லுங்க. அவரைப் பத்தித்தான் முக்கியமா பேசிட்டிருக்கோம்.”

வெளியே உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. என் முழங்கால் நிலையத்தின் முன்மாதிரிச் சேதமாகத் தேர்வு செய்யப்பட்டிருக்கிறதாம். பத்து வாரத்தில் தரச்சான்றுக் குழு பார்வையிட வருகிறதாம். அதுவரை மாதிரி அதன் இயல்பு நிலையில் இருக்க வேண்டியது அவசியம் என்பதால் சிகிச்சை அன்புடன் ஒத்திவைக்கப்படுகிறதாம். முட்டியில் தானாகக் குணமாகும் அறிகுறி ஏதாவது தென்பட்டால் நான் தயங்காமல் உடனே நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டுமாம். கடிதத்தின் அடியில் ‘விரைவில் நலம் பெற வாழ்த்துகள்’ என்று ஏற்கெனவே அச்சாகியிருந்ததை யாரோ பேனாவால் அடித்திருந்தார்கள்.

அந்த வாரமே நுழைவுக் கூடத்துச் சுவரில் ஆளுயரக் கண்ணாடிப் பெட்டி ஒன்று வந்தது. உள்ளே வெள்ளை விளக்கு, விளக்கின் முன்னால் என் முட்டியின் நான்கு அசல் தாள்கள், பெட்டிக்குப் பித்தளைப் பூட்டு. கீழே பெயர்ப்பலகையில் இயக்குநரின் பெயர் இருந்தது, ஸ்கேன் இயந்திரத்தின் பெயர் இருந்தது, மின்விளக்கு போட்டுக்கொடுத்த கடையின் பெயர்கூட இருந்தது. முட்டி யாருடையது என்று போட இடம் போதவில்லை போலிருக்கிறது.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நான் மூன்றாம் மாடியில் ஒரு எழுத்தர் முன்னால் ஆஜராகிக் குணமாகாமைச் சான்று வாங்க வேண்டும். அவர் கூப்பிடும்வரை நாள் பூரா பெட்டிக்கு எதிரே இரும்பு நாற்காலியில் காத்திருக்க வேண்டும். எழுத்தர் சாதுவான மனிதர், எதிலும் ஒழுங்கு பார்ப்பவர்.

“சரியாயிடுச்சா?”

“இல்லீங்க.”

“நல்லது.” முத்திரை. “போன வாரம் எத்தனை தடவை பூட்டிச்சு?”

“ரெண்டு.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “ரெண்டா? அதுக்கு முந்தின வாரம் ஆறு போட்டிருக்கே. இப்படித் திடீர்னு இறங்கினா மேலருந்து என்னைத்தானே கேப்பாங்க? கொஞ்சம் பாத்துக்கங்க.”

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அவள் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பவள். கால் வலி என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

“குணமாகலைன்னு சான்று குடுக்கற ஆஸ்பத்திரியை இப்பத்தாங்க கேள்விப்படறேன். இதுக்கு நம்ம வீட்டுலயே உட்காந்து குணமாகாம இருக்கலாமே, பஸ் ஏறுற அலைச்சலாவது மிச்சம்!”

“பெரிய இடம். ஏதாவது காரணம் இருக்கும்” என்றேன்.

“காரணம் இருக்குங்க, உங்க முட்டிக்குள்ள. அதைத்தான் எடுக்க மாட்டேங்கறாங்களே.”

ஏழாவது வாரம் கழிப்பறை தேடிக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனேன். இறங்கும்போதே கால் பூட்டிக்கொண்டது. எதிரே ‘உடற்பயிற்சிச் சிகிச்சை’ என்று எழுதிய கதவைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். கதவு திறந்தது. குள்ளமான பெண், முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, எங்கள் ஆட்களைப்போல் தடித்த மணிக்கட்டு. என்ன, ஏது என்று கேட்கவே இல்லை. என்னைத் தோளில் தாங்கிக் கட்டிலில் சாய்த்து, ஒரு கையை முட்டிக்கு அடியில் கொடுத்து, இன்னொரு கையால் கணுக்காலைப் பிடித்து மெல்லத் திருப்பினார். களுக்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியால் இல்லை. அந்தக் கட்டடத்தில் என் முட்டியைத் தொட்ட முதல் கை அது.

“எத்தனை நாளா இப்படி?”

“ரெண்டு மாசம் ஆகப்போகுதும்மா. மேல பெட்டிக்குள்ள இருக்கே, அது என்னுதுதான்.”

அவர் கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “அந்த முட்டி உங்களுதா? படத்தைப் பாத்தப்பவே மேல போய்ச் சொன்னேன், சீக்கிரம் எடுக்கச் சொல்லி. ஆபரேஷன் முடிஞ்சு நீங்க நடந்துட்டு இருப்பீங்கன்னுல்ல நினைச்சேன்!” பிறகு ஒவ்வொன்றாகப் புரியும்படி சொன்னார். “எலும்பு முனையில வழவழன்னு ஒரு பூச்சு இருக்கும். அதுதான் குருத்தெலும்பு. உங்களுக்கு அதுல ஒரு சில்லு பேந்து உள்ளயே சுத்திட்டிருக்கு. அது இடுக்குல போய்ச் சிக்கினா கால் பூட்டிக்கும். ஒவ்வொரு தடவை சிக்கறப்பவும் நல்லா இருக்கற இடத்தையும் கீறிடும். பேந்த கையோட பாத்திருந்தா சிலருக்குத் திருப்பிப் பதிக்கக்கூட முடியும். நாளாக நாளாக அது கஷ்டம். இன்னும் இப்படியே விட்டீங்கன்னா மிச்சமும் தேஞ்சுடும்.”

“தேஞ்சா?”

“தரையில முட்டி போடற வேலையை மறந்துட வேண்டியதுதான்.”

பேந்த சில்லு, திருப்பிப் பதிக்க முடியும், நாளானால் முடியாது. ஏழு மாடியில் ஏழு வாரமாக ஒருவரும் சொல்லாததை இந்தப் பெண் என் தொழில் பாஷையிலேயே சொல்லிவிட்டார். எனக்கு வேறு தொழில் தெரியாது. இனிமேல் கற்றுக்கொள்கிற வயசும் இல்லை. பற்றிக்கொண்டு வந்தது.

“அரசு ஆஸ்பத்திரில எலும்பு டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க. கடுகடுன்னு பேசுவாங்க, ஆனா கை வச்சுப் பாப்பாங்க. உடனே போங்க” என்றார் அவர்.

மறுநாள் அவருக்கு ஒரு மெமோ வந்தது. குற்றம்: ‘காட்சி மாதிரியை அனுமதியின்றிக் கையால் தொட்டது.’

டாக்டரம்மா கடுகடுவென்றுதான் பேசினார். முட்டியை இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினார், மடக்கினார், பக்கவாட்டில் அசைத்தார். நான் கத்தியதும், “ம், இங்கதான் ஒளிஞ்சிருக்கு” என்றார். மொத்தம் நாலு நிமிடம்.

“சின்னதா ரெண்டு ஓட்டை போட்டு, கேமரா விட்டு எடுத்துடலாம். கேமரா மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் இந்த ஆஸ்பத்திரிக்கு வரும். அடுத்து பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை. ரத்தம் எல்லாம் டெஸ்ட் பண்ணிடுங்க. ஸ்கேன் படம் எங்க?”

“மாட்டி வச்சிருக்காங்கம்மா.”

“யாரு வீட்டுல?”

சொன்னேன். அவர் பேனாவால் மேஜையை இரண்டு தட்டுத் தட்டினார். “துண்டு எத்தனை, எந்த மூலையில இருக்குன்னு படத்துல பாக்காம நான் உள்ள போக மாட்டேன். இங்க புதுசா எடுக்கணும்னா அதுக்கே மூணு மாசம் வரிசை. படத்தைக் கொண்டாங்க.”

நிலையத்தில் படம் கேட்டேன். முழங்கால் விடுவிப்புப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். ஆமாம், அப்படி ஒரு பிரிவு இருந்தது. அங்கே ஒரு கண்காணிப்பாளர், தலைக்கு மேல் மின்விசிறி, மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் முட்டி.

“படம் உங்களோடதுன்னு நினைச்சு வர்றீங்க. எல்லாரும் பண்ற தப்புதான், உங்களைச் சொல்லிக் குத்தமில்ல” என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வதுபோல். “முட்டி உங்களோடது. அதுல சந்தேகமே இல்ல, நாங்க எப்பவாவது மறுத்திருக்கோமா? ஆனா சேதம் எங்களோடது. கண்டுபிடிச்சது யாரு? நாங்கதானே?”

“அது என் காலுக்குள்ள இருக்கு சார்.”

“இருக்கட்டும். நாங்க ஏதாவது வாடகை கேட்டோமா?”

“நான் வேற இடத்துல வைத்தியம் பாத்துக்கறேன். நகலாவது குடுங்க.”

“நகல் குடுத்தா அசலோட மதிப்பு குறைஞ்சுடும். விடுவிக்கணும்னா மூணு கையெழுத்து வேணும். மூணாவது கையெழுத்து இயக்குநரோடது. அவரு குழு வந்து பாத்துட்டுப் போறவரைக்கும் முட்டி சம்பந்தமா யாரையும் பாக்கறதில்ல, அவ்வளவு வேலை.” குரலைத் தாழ்த்தினார். “நான் சொல்றதைக் கேளுங்க. இவ்வளவு நல்ல சேதம் எல்லாருக்கும் அமையாது. ஏன் அவசரப்பட்டுக் கெடுத்துக்கறீங்க?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பிளாஸ்டிக் முட்டியை எடுத்து ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன். எறியவில்லை. படியிறங்கும்போது கால் இரண்டு தடவை பூட்டிக்கொண்டது. எழுத்தருக்குச் சொன்னால் சந்தோஷப்பட்டிருப்பார்.

பதினைந்தாம் தேதி மேஸ்திரியிடமிருந்து போன் வந்தது.

“யோவ், நின்னுட்டே பாக்கற வேலை ஒண்ணு வந்திருக்கு. சுவர் டைல்ஸ். முட்டி போட வேணாம். மூணு நாள்ல முடிக்கணுமாம், பெரிய ஆளுங்க வர்றாங்களாம். வர்றியா?”

“எங்க மேஸ்திரி?”

“உன் நிலையத்துலதான்யா. முன்னால ஏதோ கண்ணாடிப் பெட்டி இருக்குதாமே, அதைச் சுத்திப் பச்சைக் கல்லு பதிக்கணுமாம், எடுப்பா இருக்கும்னு.”

“வர்றேன் மேஸ்திரி” என்றேன். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, என் முகத்தைப் பார்த்துவிட்டு சாந்துக் கரண்டியும் ரசமட்டமும் இருந்த வேலைப் பையை எடுத்து வந்து கொடுத்தாள்.

நோயாளியாக நான் உள்ளே நுழைய ஒவ்வொரு தடவையும் அரை நாள் ஆனது. வேலையாளாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. காவலாளி மஞ்சள் அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிட்டார். ‘சுவர் வேலை. சுவரிலிருந்து அகற்றியவற்றை வெளியே கொண்டுசெல்ல அனுமதி உண்டு.’ லிஃப்ட்டிலும் போகலாம் என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இரண்டு நாள் என் முட்டியைச் சுற்றிப் பச்சைக் கல் பதித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு மட்டம் பிசகாமல், அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. கூட்டம் கூட்டமாக மாணவர்கள் வந்தார்கள். “இந்த நோயாளிக்கு நடக்கும்போது எப்படி இருக்கும்?” என்று ஒரு மாணவி கேட்டாள். “அது படத்தில் தெரியாது” என்றார் ஆசிரியர். நான் ஏணியில் நின்று கல்லுக்கு இடையில் சாந்து தடவிக்கொண்டிருந்தேன். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, முட்டி மேல தூசி படுது” என்றார் என்னிடம்.

பதினேழாம் தேதி வியாழக்கிழமை குழு வந்தது. மூன்று பேர், மூன்று கோப்பு. நான் ஏணியில் நின்று கடைசிக் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இயக்குநர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

“மதிப்பிற்குரிய குழுவினரே! நோயாளியே எங்கள் நிலையத்தின் இதயம். ஆகவே இதயத்துக்கு எந்தத் தொந்தரவும் தராமல் முழங்காலை மட்டுமே கவனிக்கிறோம். இதோ, இந்தச் சேதத்தைப் பாருங்கள். இதன் ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். கூட்டத்தில் ஆயிரம் முட்டிகள் இருந்தாலும் இந்த முட்டியை நான் அடையாளம் கண்டுவிடுவேன். பத்து வாரமாகக் கண்ணும் கருத்துமாகப் பாதுகாத்து, எள்ளளவும் முன்னேற விடாமல்...”

இங்கே பேச்சை நிறுத்தினார். நெற்றியில் இருந்த மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பெட்டியை உற்றுப் பார்த்தார்.

“ஏம்ப்பா, டைல்ஸ்காரரே! அந்த மூணாவது தாள் சாஞ்சிருக்கு பாரு. எடுத்து நேரா வை.”

சாவியை என்னிடம் நீட்டினார். என் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை அவருக்கு. தெரியாதுதான், எப்படித் தெரியும்? பூட்டைத் திறந்தேன். மூன்றாவது தாளை எடுத்தேன். முதல் தாளை எடுத்தேன். இரண்டாவது, நான்காவது. சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏணியிலிருந்து இறங்கினேன். கடைசிப் படியில் ‘களுக்’.

“ஐயோ!” என்று கத்திக்கொண்டு பளபளக்கிற தரையில் விழுந்தேன். கால் பாதியில் நின்றது.

“யாராவது அந்த ஆளை ஓரமா கூட்டிட்டுப் போங்க” என்றார் இயக்குநர். குழுவின் பக்கம் திரும்பி, ஒலிபெருக்கியில் தொடர்ந்தார். “இந்த வகைச் சேதத்தில் முழங்கால் திடீரெனப் பூட்டிக்கொள்ளும். ஆனால் அதை நேரில் பார்க்கும் வாய்ப்பு மருத்துவர்களுக்கே மிக அரிது.”

“இந்தா, பாருங்கய்யா!” என்று கத்தினேன். “நேர்லயே பாருங்க! நல்லாப் பாருங்க! பெட்டிக்குள்ள இருந்தது இதுதான். பத்து வாரமா உங்க எதிர்ல உட்காந்திருந்தது நான்தான்!”

குழுவில் ஒருவர் கோப்பைப் புரட்டிவிட்டு, “இது நிகழ்ச்சி நிரல்ல இல்லையே” என்றார்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உடற்பயிற்சிச் சிகிச்சைப் பெண் வந்தார். என் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

“தொடாதீங்க! ஏற்கெனவே உங்களுக்கு மெமோ இருக்கு!” என்றார் இயக்குநர், இன்னும் ஒலிபெருக்கியிலேயே.

“இன்னொண்ணு குடுத்துக்கங்க சார்” என்றார் அவர், என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டே. களுக்.

எழுந்து நின்றேன். “படத்தை வை. அது நிலையத்தோட சொத்து!” என்று இயக்குநர் கத்தினார்.

“சேதம் உங்களோடதுன்னு சொன்னாங்க. வச்சுக்கங்க, எடுத்துக்க முடிஞ்சா எடுத்துக்கங்க. நான் நாளைக்கு இதை வேற கையில குடுத்து எடுக்கப்போறேன்.”

முன்வாசலுக்கு நடந்தேன். காவலாளி கையை நீட்டி மறித்தார். மஞ்சள் அட்டையைக் காட்டினேன். அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். ‘சுவரிலிருந்து அகற்றியவற்றை...’ என் கக்கத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார். பன்னிரண்டு மணி நேரம் நின்றே பிழைக்கிற மனிதர்.

“எந்த முட்டி?”

“இடது.”

“எனக்கு ரெண்டும்” என்று சொல்லிக் கையை எடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் முடிந்தது. டாக்டரம்மா கட்டில் பக்கம் வந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை நீட்டினார். தண்ணீர்போன்ற மருந்துக்குள் மொச்சைக் கொட்டை அளவில் வெள்ளையாக ஒரு சில்லு கிடந்தது.

“திருப்பிப் பதிக்கலாமான்னு பாத்தேன். முடியல. உருண்டு உருண்டு ஓரமெல்லாம் மழுங்கிப்போச்சு. ரெண்டு மாசம் முந்தி வந்திருந்தா பதிச்சிருக்கலாம்” என்றார். அப்புறம் கொஞ்சம் கடுகடுப்பைக் குறைத்துக்கொண்டு, “பூட்டிக்காது இனிமே. தொடைக்குப் பயிற்சி விடாம செய்யுங்க. முட்டிக்கு மெத்தை கட்டாம தரையில உட்காராதீங்க. நாள் பூரா உட்கார முடியாது, அரை நாள் உட்காரலாம்.”

அரை நாள். பாதியைக் காப்பாற்றினோம், பாதியைப் பெட்டியில் மாட்டி வைத்தார்கள். என் மனைவி குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். “இத்தனூண்டு” என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து நிலையத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. எட்டு வாரமாக நான் குணமாகாமைச் சான்று பெறவில்லையாம். என் முழங்கால் முன் அனுமதியின்றிக் குணமடைந்திருக்கலாம் என்று நிலையம் கவலையுடன் கருதுகிறதாம். ஏழு நாளுக்குள் மாதிரியுடன் நேரில் வந்து விளக்கம் தர வேண்டுமாம்.

போனேன். சும்மா விடுவேனா? குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

கூடத்தில் கண்ணாடிப் பெட்டி காலியாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. விளக்கை அணைக்க எத்தனை கையெழுத்தோ! சுற்றிலும் நான் பதித்த பச்சைக் கல் எடுப்பாக இருந்தது. ஒருவர் நொண்டிக்கொண்டே வந்து காவலாளியிடம் ஏதோ கேட்டார். “கழிப்பறையா? கீழ்த்தளத்துக்குப் போங்க. சட்டையை மடிச்சு விட்ட அம்மா ஒருத்தங்க இருப்பாங்க” என்றார் காவலாளி, என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி.

லிஃப்ட் திறந்துதான் இருந்தது. படியில் ஏறினேன். முப்பத்திரண்டு. ஒரு தடவைகூடச் சுவரைப் பிடிக்கவில்லை. ஜன்னலில் அதே பெண். தபாலையும் குப்பியையும் அவள் முன்னால் வைத்தேன். அவள் போனை எடுத்துப் பேசினாள். மூன்று நிமிடத்தில் இயக்குநரே ஓடி வந்துவிட்டார். குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“ஆஹா! அதே ஓரம்... இல்ல, கொஞ்சம் மழுங்கியிருக்கு. பரவால்ல. இதோட முட்டி எங்க?”

“இந்தா நிக்குது.” கால்சட்டையைத் தொடை வரை சுருட்டினேன். சின்னதாக இரண்டு தழும்பு. அவர் எதிரிலேயே மடக்கினேன், நீட்டினேன், மடக்கினேன். “தொட்டுப் பாருங்க சார். நல்லா அழுத்தியே பாருங்க. இத்தனை மாசத்துல உங்க டாக்டருங்க ஒருத்தர்கூடத் தொட்டதில்ல. நீங்களாவது தொடுங்க.”

அவர் கை பாதி தூரம் வந்தது. முட்டிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அப்படியே நெற்றிக்குப் போய் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டது.

“புதுப் படம் ஏதாவது இருக்கா?” என்றார்.

“இல்ல சார். முட்டிதான் இருக்கு.”

“படம் இல்லாம நான் எதுவும் சொல்றதுக்கில்ல.”

“நீங்க சொல்ல வேணாம், நான் சொல்றேன். இந்தச் சில்லு திரும்ப என் முட்டில பதிஞ்சிருக்க வேண்டியது. நீங்க பத்து வாரம் நின்னு ரசிச்சீங்க. அந்தப் பத்து வாரத்துக்கு நான் காலம் பூரா அரை நாள் வேலைதான் பாக்க முடியும். உங்களுக்கு வேண்டியது இது. வச்சுக்கங்க. எனக்கு வேண்டியதை நான் எடுத்துட்டுப் போறேன்.”

கால்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு திரும்பினேன். பின்னால் அந்தப் பெண் கூப்பிட்டாள். இயக்குநர் குப்பியை அவளிடம் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. குப்பி மேல் ஒரு எண் ஒட்டியிருந்தாள். விரல் கணினி மேல் தயாராக இருந்தது.

“ஒரு நிமிஷங்க, இதுக்கு வலி ஒன்னுலருந்து பத்துக்குள்ள எவ்வளவு?”

“அதையே கேளும்மா” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். அன்றைக்கு ஒரு சமையலறைத் தரை பாக்கி இருந்தது, பாதியை மத்தியானத்துக்குள் முடித்தாக வேண்டும்.